வரைபடத்தின் ஓரம்

முதலில் ஒரு கூச்சத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் சிலருக்கு என்னைத் தெரியும், நாவலைப் பற்றியும் கவிதையைப் பற்றியும் கறாராக ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பவன் என்ற அளவில். கடந்த எட்டு வருஷங்களாக, வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு நான் யுத்தம் விளையாடிக்கொண்டிருக்கிறேன் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. துப்பாக்கிச் சத்தம் கேட்கும் கம்ப்யூட்டர் விளையாட்டு அல்ல. காகித வரைபடம், அரை அங்குல அட்டைத் துண்டுகள், பகடை, நாற்பது பக்கத்துக்கு விதிப் புத்தகம் என்று அமெரிக்காவில் அச்சிட்டு விற்கப்படும் சரித்திர யுத்த ஆட்டங்கள். எதிராளி இதே ஊரில் இல்லை. ஒருவர் டொரான்டோவில், ஒருவர் மலேசியாவில் கிள்ளானில்.

சதுரங்கம் மாதிரியா என்று கேட்பார்கள். இல்லை. சதுரங்கத்தில் எந்த யுத்தமும் இல்லை. எந்த யுத்தமும் இல்லாததுதான் அதன் பூரணம். இந்த ஆட்டங்களில் ஒரு குறிப்பிட்ட யுத்தம் இருக்கிறது. வரைபடத்தின் மேல் தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள். ஒவ்வொரு அட்டைத் துண்டும் ஒரு படைப்பிரிவு. அதன் மேல் இரண்டு எண்கள்: ஒன்று அதன் வலு, மற்றது அது நகரக்கூடிய தூரம். சேற்றில் நகர இவ்வளவு, மலையில் ஏற இவ்வளவு என்று விதி உண்டு. மோதினால் இரு பக்கத்து வலுவையும் வகுத்து, பகடை உருட்டி, அட்டவணையில் முடிவைப் பார்க்க வேண்டும். ஒரு மாலையில் படித்துவிடக்கூடிய சரித்திரத்தை இப்படி ஆறு மாதம் கையால் தடவித் தடவிப் படிக்கலாம். எனக்கு இது வாசிப்பின் இன்னொரு வகையாகத்தான் பட்டது. இன்றும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் முன்பு சொன்ன அதே நிச்சயத்துடன் அல்ல. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

எதிரில் ஆள் இல்லாமல் விளையாடுவது இந்த ஆட்டங்களுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட வசதி அல்ல. ஏறக்குறைய ஆரம்பத்திலிருந்தே உண்டு. பால்டிமோரைச் சேர்ந்த சார்லஸ் ராபர்ட்ஸ் 1954-இல் 'டாக்டிக்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார். 1958-இல் அவருடைய அவலான் ஹில் நிறுவனம் கெட்டிஸ்பர்க் யுத்தத்தை ஆட்டமாக்கியது. 1961-இல் வந்த பதிப்பில் அறுகோணக் கட்டங்கள் வந்துவிட்டன. இந்தப் பெட்டிகளை வாங்கியவர்களுக்கு உடனே ஒரு பிரச்னை எழுந்தது. ஒரு ஊரில் இப்படிப்பட்ட பைத்தியம் ஒன்றுதான் இருக்கும். இன்னொன்று நானூறு மைல் தள்ளி இருக்கும். சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை. 1964-இல் அவலான் ஹில் 'தி ஜெனரல்' என்று ஒரு பத்திரிகை தொடங்கி, எதிராளி தேவை என்ற விளம்பரங்களை அதில் போட ஆரம்பித்தது. ஆட்டம் தபாலில் நடந்தது.

தபாலில் பகடை உருட்டுவது எப்படி? ஆறு விழுந்தது என்று நான் எழுதினால் நீங்கள் ஏன் நம்ப வேண்டும்? இதற்கு அவர்கள் கண்ட வழியை முதல்முறை படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் பரம லௌகீகமானது. வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கே உரியது. தாக்குகிறவன் தன் கடிதத்தில் ஒரு வரப்போகும் தேதியையும், பங்குச் சந்தையில் விற்கும் கம்பெனிகளின் பெயர்களையும், மோதலுக்கு ஒன்று வீதம், குறிப்பிட்டுவிட வேண்டும். அந்தத் தேதிக்கு அந்தப் பங்குகள் எவ்வளவு கைமாறின என்று பத்திரிகையில் வரும் எண்ணின் கடைசி இலக்கம்தான் பகடை. இரண்டு பேரும் அவரவர் ஊரில் அதே பத்தியைப் பார்த்துக்கொள்வார்கள். யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை. நார்மண்டிக் கரையில் ஒரு ஜெர்மன் டிவிஷன் பிழைப்பதும் அழிவதும், நியூயார்க்கில் யாரோ எதற்காகவோ விற்ற இரும்புக் கம்பெனிப் பங்கின் ஒற்றை இலக்கத்தில் இருந்தது. இதை ஒரு கவிஞன் யோசித்திருந்தால் படிமம் என்று கொண்டாடியிருப்போம். அவர்களுக்கு அது வெறும் வசதி.

தபால் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. 90களில் ராட்னி கின்னி என்பவர் ஒரு குறிப்பிட்ட ஆட்டத்துக்காக எழுதிய நிரல் பின்னால் விரிந்து 'வாஸல்' ஆயிற்று. இலவசம், பல நூறு ஆட்டங்களின் வரைபடங்களும் துண்டுகளும் அதில் கிடைக்கின்றன. விதிகளை அது அமல்படுத்துவதில்லை. மேஜை மாதிரி சும்மா இருக்கும். விதி தெரிந்தவர்கள்தான் விளையாட வேண்டும். அதில் என் நகர்வுகளை ஒரு பதிவுக் கோப்பாகச் சேமித்து மின்னஞ்சலில் அனுப்பினால், நண்பர் அதைத் திறந்து ஒவ்வொரு அடியாகத் தட்டிப் பார்ப்பார். நான் எந்தத் துண்டை முதலில் தொட்டேன், எங்கே வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன், எந்த இடத்தில் பகடை உருட்டினேன், என்ன விழுந்தது என்பது வரை அதில் இருக்கும். தயக்கம்கூடப் பதிவாகிவிடுகிறது. கையெழுத்தில் அடித்தல் திருத்தல்களோடு வரும் கடிதம் போல. அச்சில் வந்த கவிதையைவிடக் கவிஞனின் நோட்டுப்புத்தகம் அதிகம் சொல்லும் என்று நினைக்கிறவர்களுக்கு இதன் ருசி புரியும்.

*

எங்களை ஒன்றுசேர்த்தது யுத்தம் அல்ல, ப. சிங்காரம். 1972-இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி' பற்றி நான் எழுதிய ஒரு கட்டுரைக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருப்பவரிடமிருந்து. இரண்டு இடப்பெயர்களை நான் தப்பாக எழுதியிருப்பதாகவும், அவற்றில் ஒன்றுக்குத் தான் நேரில் போயிருப்பதாகவும் எழுதியிருந்தார். மற்றது டொரான்டோவிலிருந்து. யாழ்ப்பாணத்துக்காரர். யுத்தத்தைத் தெரியாத ஒருவர் எழுதிய கட்டுரை என்பது தெரிகிறது, ஆனால் அது குற்றமில்லை என்று எழுதியிருந்தார். இருவரோடும் எழுத்து தொடர்ந்தது. இருவரும் என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள். இன்றுவரை நாங்கள் மூவரும் ஒரே அறையில் இருந்ததில்லை.

இந்த ஆட்டங்களை அறிமுகப்படுத்தியவர் டொரான்டோ நண்பர். அவர் ஏன் விளையாடுகிறார் என்று நான் ரொம்ப நாள் கேட்கவில்லை. ஒருநாள் அவரே சொன்னார்: "எங்கட சண்டையை நான் உள்ளுக்குள்ள இருந்து பாத்தனான். உள்ளுக்குள்ள இருந்து பாத்தால் ஒண்டும் விளங்காது. எங்கையோ ஒரு சண்டையையாவது மேலை இருந்து பாக்க வேணும் போலை இருந்தது." அவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். முடிந்து எழுபது வருஷம் ஆகாத எந்த யுத்தத்தையும் அவர் தொடமாட்டார். "எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் செத்த சண்டையை நான் விளையாட மாட்டன். மற்றவைக்கும் அப்பிடி ஒரு சண்டை இருக்கும்தானே. எழுபது வரியம் எண்டால் ஆருக்கும் நோகாது." நியாயமாகத்தான் பட்டது. நாங்கள் ஒப்புக்கொண்டோம். நெப்போலியனை இரண்டு முறை தோற்கடித்தோம். ஒரு முறை அவர் ஜெயித்தார்.

இடையில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு சித்தாந்தமும் தயார் செய்துகொண்டேன். விமர்சகனுக்கு அது இல்லாமல் முடியாது. ஆட்டம் என்பது யுத்தத்தைப் பற்றிய ஒரு விமர்சனம் என்பது என் கட்சி. சரித்திர ஆசிரியன் காரணங்களை அடுக்குகிறான். ஆட்டத்தை அமைப்பவன் எந்தக் காரணத்துக்கு எத்தனை எடை என்று எண்ணில் சொல்லியாக வேண்டும். மழுப்ப முடியாது. பிரெஞ்சு சிந்தனையாளர் கீ தெபோர் தானே ஒரு யுத்த ஆட்டம் அமைத்து, 1977-இல் அதற்கென்று ஒரு கம்பெனியும் தொடங்கி, மனைவியோடு ஆடிய ஓர் ஆட்டத்தை நகர்வு நகர்வாக 1987-இல் புத்தகமாகவே போட்டார். அவருடைய ஆட்டத்தில் முக்கியம் தொடர்புக் கோடுகள். தளத்தோடு தொடர்பு அறுந்த படை எத்தனை பலம் உள்ளதானாலும் அசைய முடியாது. கட்டத்தில் நிற்கும் வெறும் பொருள். சமூகத்தைக் காட்சி என்று விமர்சித்தவர் யுத்தத்தில் கண்டது, கண்ணுக்குப் படாத இந்தக் கோட்டை. சப்ளைதான் யுத்தம், மற்றதெல்லாம் அலங்காரம் என்று நானும் பேச ஆரம்பித்திருந்தேன்.

அந்த உற்சாகத்தில்தான் பர்மாவைத் தேர்ந்தெடுத்தோம். தேர்ந்தெடுத்தவன் நான் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

*

1944 மார்ச்சில் ஜப்பானின் 15-ஆவது ராணுவம், தளபதி முடாகுச்சியின் திட்டப்படி, மூன்று டிவிஷன்களோடு சிந்த்வின் நதியைத் தாண்டி மணிப்பூரை நோக்கி வந்தது. இம்பாலைச் சூழ்வது, கோஹிமாவைப் பிடித்துச் சாலையை அறுப்பது. சப்ளை விஷயத்தில் இது திட்டமே அல்ல, சூதாட்டம். வீரர்கள் கையில் சுமார் மூன்று வாரத்துச் சாப்பாடு. பிறகு பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டும். மாட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள், சுமக்கவும், பிறகு தின்னவும். அவற்றில் ஏராளமானவை ஆற்றிலும் மலையிலும் செத்தன. எதிரில் ஸ்லிம்மின் 14-ஆவது ராணுவம் சூழப்பட்ட இம்பாலுக்கு விமானத்திலிருந்து அரிசியும் குண்டும் கொண்டுவந்து இறக்கிற்று. ஏப்ரலில் கோஹிமாவில் டெபுடி கமிஷனரின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை. மே கடைசியில் 31-ஆவது டிவிஷனின் தளபதி சாத்தோ, அரிசியும் குண்டும் வராததால், உத்தரவை மீறிப் பின்வாங்கத் தொடங்கினார். பதவி பறிக்கப்பட்டது. மனநிலை சரியில்லை என்று சொல்லி விசாரணையே இல்லாமல் ஆக்கினார்கள். ஜூலையில் எல்லாம் முடிந்தபோது வந்தவர்களில் பாதிக்கு மேல் சேதம். இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது பசியும் வியாதியும்.

டொரான்டோ நண்பர் ஸ்லிம். நான் முடாகுச்சி. கிள்ளான் நண்பர் நடுவர். 1824-இல் ரைஸ்விட்ஸ் பிரஷ்ய ராணுவத்துக்கு அமைத்த ஆட்டத்தில் இருந்த மாதிரி, எதிரியின் துண்டுகள் எனக்குத் தெரியாது, என்னுடையவை அவருக்குத் தெரியாது. முழு வரைபடமும் நடுவரிடம். நாங்கள் எங்கள் நகர்வுகளை அவருக்கு அனுப்ப, கண்ணுக்குத் தெரிய வேண்டியதை மட்டும் அவர் திருப்பி அனுப்புவார். எதிரில் உட்கார்ந்து இப்படி விளையாட இரண்டு அறையும் மூன்று வரைபடமும் வேண்டும். தூரம் எங்களுக்கு இதைச் சுலபமாக்கித் தந்தது. எங்களுக்காக ஒரு விதி சேர்த்தோம். சப்ளைப் புள்ளிகள் ஒவ்வொரு வாரமும் வரைபடத்தின் தெற்கு ஓரத்தில் இவ்வளவு என்று வந்து சேரும். அது போதாவிட்டால் ரங்கூன் மேலிடத்துக்கு நான் எழுதிக் கேட்கலாம். நடுவர் பகடை உருட்டிக் கூடுதலாகத் தரலாம், தராமலும் இருக்கலாம்.

நான்கு மாத யுத்தத்தைப் பதினான்கு மாதம் நடத்தினோம். 2022 ஆடியில் சிந்த்வினைத் தாண்டினேன். முடாகுச்சி எப்படித் தோற்றார் என்று எனக்குத் தெரியும் அல்லவா? ஆகவே நான் கவனமாக இருந்தேன். ஒவ்வொரு வாரமும் ரங்கூனுக்கு எழுதினேன். நான்கு தர முடியுமா? இரண்டாவது தர முடியுமா? கிள்ளானிலிருந்து பதில் எண்ணாக வரும். மூன்று. ஒன்று. இல்லை. மூன்று. அங்கே பொழுது எனக்கு இரண்டரை மணி முன்னால். நான் வேலைக்குக் கிளம்பும் முன்பே எண் வந்துவிடும். பஸ்ஸில் நின்றபடி அந்த மூன்றை எப்படிப் பங்கிடுவது என்று யோசிப்பேன். கோஹிமாவுக்கு இரண்டு, தெற்கே ஒன்று. அந்த நாட்களில் நான் படித்த கவிதை எதுவும் எனக்கு நினைவில்லை. அந்த எண்கள் நினைவிருக்கின்றன.

ஏழாவது மாதத்தில் வந்த ஒரு பதிலில் எண்ணுக்குக் கீழே வேறு சில வரிகள் இருந்தன. அவர் அனுமதியோடு சுருக்கித் தருகிறேன்.

"மூன்று. வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று சில வாரமாக நினைத்தேன். இந்தப் புள்ளிகள் வரைபடத்தின் ஓரத்தில் முளைப்பதில்லை. ரங்கூனுக்கும் முளைத்து வரவில்லை. சயாம் ரயிலில் வருகின்றன. என் பாட்டியின் முதல் கணவர் அந்தப் பாதை போடப் போனவர். தோட்டத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் என்று பட்டியல் எழுதினார்களாம். எழுதியவர் தோட்டத்துக் கிராணி, நம் ஆள்தான், கையெழுத்து முத்து முத்தாக இருக்குமாம், பாட்டி சொல்லும். போனவர் வரவில்லை. நான்கு வருடம் கழித்துப் பாட்டி என் தாத்தாவைக் கட்டிக்கொண்டது. அவர் திரும்பி வந்திருந்தால் நான் இல்லை. ஆகவே எனக்கும் அந்தப் பாதைக்கும் உள்ள கணக்கு அவ்வளவு லேசானதில்லை. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது."

நான் அன்றிரவே பதில் எழுதினேன். அதில் முதல் வரி: மூன்றும் கிடைத்தன, நன்றி, அடுத்த வாரம் நான்கு சாத்தியமா? அதற்குப் பிறகு ஒரு வரி இடம் விட்டு, அவர் பாட்டியைப் பற்றி, வருத்தம் தெரிவித்து, ஒரு பத்தி. பத்தி நன்றாகவே இருந்தது. எனக்கு அந்த மாதிரிப் பத்திகள் எழுத வரும். மறுநாள் பஸ்ஸில் அதை மறுபடி படித்தபோதுதான் வரிசை கண்ணில் பட்டது.

*

சயாம்-பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர். கடல்வழி ஆபத்தாகிவிட்டதால், பர்மாவில் இருந்த தன் படைகளுக்குச் சப்ளை அனுப்ப ஜப்பான் அதைப் போட்டது. 1942-இல் தொடங்கி, 1943 அக்டோபர் 17-இல் இரு முனைகளும் சேர்ந்தன. வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் 60,000-க்கு மேல். அவர்களில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். மலாயா, பர்மா, ஜாவாவிலிருந்து கொண்டுபோன கூலிகள் இதைப்போல் சில மடங்கு. இறந்த கூலிகள் ஏறக்குறைய 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பு. யாரும் எண்ணிவைக்காததால் அது மதிப்பாகவே நிற்கிறது. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறைகள் பெயரும் வயதும் பொறித்து வரிசையாக இருக்கின்றன. கூலிகளுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. 1957-இல் டேவிட் லீன் எடுத்த குவாய் நதிப் பாலப் படத்தில் பாலம் கட்டுகிறவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள். அந்தப் பாலத்தைப் படத்துக்காகக் கட்டியது இலங்கையில், களனி கங்கையின் மேல், கிதுல்கலையில்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதவை அல்ல. சிங்காரத்தைப் பற்றி எழுதியவன் நான். எனக்குத் தெரிந்ததும் நான் விளையாடியதும் ஒரே தலைக்குள் ஒன்றையொன்று தொடாமல் இருந்தன என்பதுதான் விஷயம். ஆட்டத்தின் மேல் பழி போட எனக்கு மனமில்லை. மணிப்பூரைக் காட்டும் வரைபடத்தில் சயாம் இருக்க முடியாது. எந்த உருவத்துக்கும் ஓரம் உண்டு. ஓரம் இல்லாவிட்டால் உருவம் இல்லை என்று நானே எத்தனையோ நாவல்களுக்கு உபதேசம் செய்திருக்கிறேன். ஆனால் ஓரத்தில் வந்து விழும் எண்ணை எடுத்துக்கொள்கிறவன் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இருப்பது உருவத்தின் நியதி அல்ல. அது அவனுடைய சௌகரியம். எழுபது வருஷம் என்று நாங்கள் போட்டுக்கொண்ட வேலியும் அப்படி ஒரு சௌகரியம்தான். பல ஆயிரம் மைல், எழுபத்தெட்டு வருஷம், மூன்று அறைகள். இத்தனை தூரத்தையும் தாண்டி, ஒரு பாட்டி சொன்ன கதை ஒரு மின்னஞ்சலின் அடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நிறுத்திவிடலாம் என்று நடுவருக்கு எழுதினேன். வேண்டாம் என்றார். "நிறுத்தினால் உங்களுக்கு மனசு லேசாகும். எனக்கு ஒன்றும் ஆகாது. விதியை மட்டும் கொஞ்சம் மாற்றுகிறேன். இனிமேல் எண்ணாகக் கேட்காதீர்கள். பிரஷ்யாவில் எழுதின மாதிரி உத்தரவாக எழுதுங்கள். யார், யாரை, எங்கிருந்து."

எழுத உட்கார்ந்தேன். எழுத முடியாமல் தவித்தேன் என்று சொன்னால் இந்தக் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். தவிக்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது. கோஹிமா முனையில் உள்ள 31-ஆவது டிவிஷனுக்குக் கூடுதல் தளவாடங்கள் உடனடியாக அனுப்பி வைக்கப்பட வேண்டும். இதற்குத் தேவையான ஆட்கள் ஆங்காங்கே திரட்டிக்கொள்ளப்படலாம். இந்தத் தமிழ் எனக்குக் கைவந்த தமிழ். பத்து வருஷமாகச் சுற்றறிக்கைகளில் படிப்பதும் நோட்டீஸ்களில் எழுதுவதும் இதுதான். தவணை கட்டாதவர் வீட்டுக்குப் போகும் கடிதத்திலும் நடவடிக்கைகள் எடுக்கப்படும்; எடுப்பது யார் என்று இருக்காது.

மறுநாள் காலை திரும்பி வந்தது. எண் இல்லை. ஆசிரியர் நோட்டைத் திருத்திய மாதிரி மூன்று வரி:

"முதல் வாக்கியத்தில் எழுவாய் தளவாடங்கள். இரண்டாவதில் ஆட்கள். திரட்டுகிறவரைக் காணோம். திருத்தி எழுதவும்."

செயப்பாட்டு வினையைப் பற்றி நான் கட்டுரை எழுதியிருக்கிறேன். வியாபாரப் பத்திரிகைக் கதைகளின் மொழியைக் கிண்டல் செய்திருக்கிறேன். என் வாக்கியத்தில் ஆள் இல்லை என்பதைச் சொல்ல கிள்ளானிலிருந்து ஒருவர் வேண்டியிருந்தது. திருத்தி எழுதினேன். நான் என்று ஆரம்பித்தேன். நான், வீட்டுக்கு ஓர் ஆள் வீதம், இன்ன தோட்டத்திலிருந்து, என்று எழுதிக்கொண்டு போனேன். தோட்டத்துக்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. அங்கே கை நின்றது. கிராணியின் முத்து முத்தான கையெழுத்து நினைவுக்கு வந்தது. அவனும் என் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பெயர்களை நேர்கோட்டில் எழுத வேண்டுமே என்ற கவலையோடு எழுதியிருப்பான்.

அந்த உத்தரவை நான் அனுப்பவில்லை. அந்த வாரம் கோஹிமாவிலிருந்து டிவிஷனைப் பின்வாங்கினேன். இதில் மகத்துவம் ஒன்றும் இல்லை. சாத்தோவின் வீரர்கள் பட்டினி கிடந்தார்கள். என்னுடையவை அட்டைத் துண்டுகள், அதுவும் திரையில். ஒரு மாலை நேர வெட்கம், அவ்வளவுதான். ஆனால் ஆட்டத்தை நான் அதனால் தோற்றேன். அதைச் சொல்லாமல் விடுவதும் ஒருவகைப் பொய்.

*

ஆட்டம் முடிந்ததும் நடுவர் எல்லாக் கோப்புகளையும், எங்கள் இருவரின் கடிதங்களையும், இருவருக்கும் திறந்து காட்டுவது வழக்கம். யாருக்கு எது எப்போது தெரியாமல் இருந்தது என்று அப்போது பார்க்கலாம்; இந்த ஆட்டத்தில் கடைசிச் சுகம் அது. திறந்து காட்டுவதற்கு முந்தின நாள் டொரான்டோ நண்பர் உற்சாகமாக எழுதியிருந்தார்: "நீங்கள் கோஹிமாவை ரெண்டு கிழமை முந்தி விட்டிட்டீங்கள். இன்னும் நிண்டிருக்கலாம். ஏன் எண்டு எனக்கு விளங்கேல்லை."

அதன் பிறகு மூன்று வாரம் அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. படித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். கோபமாக இருக்கிறார் என்றும் நினைத்தேன். அவருடைய நிபந்தனையின் அர்த்தம் அவரைவிட எனக்குத்தான் மெதுவாகப் புரிந்தது. யாருக்கும் நோகக் கூடாது என்று ஒருவர் தன் நோவை வைத்து அளந்து போட்ட வேலி அது. நான் அதை ஒரு அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு கடிதம் வந்தது. நான் பின்வாங்கியதைப் பற்றி ஒன்றும் இல்லை. அடுத்த ஆட்டத்துக்கு ஒரு யோசனை, 1812, ரஷ்யா. அதில் நான் நடுவராக இருக்க வேண்டும். கடைசியில் இது:

"எழுபது வரியக் கணக்கை இனி விடுவம். அது பிழையான கணக்கு. தொடங்க முன்னம் ஒவ்வொருத்தரும் மற்றவையைக் கேப்பம், இதில உங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ எண்டு. இருந்தால் விளையாடக் கூடாது எண்டில்லை. கேட்டிட்டு விளையாடுவம்."

கிள்ளான் நண்பர் முதலில் பதில் அனுப்பினார். ரஷ்யாவில் தனக்கு யாரும் இல்லை என்றார். டொரான்டோ நண்பரும் அப்படியே. நான் இல்லை என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசித்தேன். பிறகு, தெரிந்தவரை இல்லை என்று எழுதி அனுப்பினேன்.